கணக்கில் உண்டு, கையில் இல்லை!

ஹட்டன் கடைவீதியிலும் நுவரெலியாச் சந்தையிலும் மட்டுமன்றி, மலைநாட்டுத் தோட்ட லயங்களிலும் இன்று வாணிபம் நடைபெறுகின்றது. கையடக்கத் தொலைபேசி ஒன்றே கடை. அதில் காட்டப்படும் படமே சரக்கு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் முகமறியா மனிதரே வாடிக்கையாளர். தேயிலைப் பொதி, வீட்டில் தைத்த உடை, ஸ்ட்ராபெரி ஜாம், பூங்கன்று என்று தம்மால் இயன்றதை விற்று நாலு காசு தேடும் இளைஞரும் பெண்களும் பெருகி வருகின்றனர். கொழுந்துக் கூடையைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லப்பட்டு வந்த ஒரு சமுதாயத்தில் இது சிறிய மாறுதல் அன்று. போற்றி வளர்க்க வேண்டிய மாறுதல்.

ஆனால், இந்த இளம் பயிரின் வேரிலேயே ஒரு நோய் பற்றியிருக்கின்றது. அதன் பெயர் அவநம்பிக்கை. "இணையத்தில் பணம் செலுத்த வேண்டாம், பொதியைப் பெறும்போது கையில் நோட்டாகக் கொடுங்கள்" என்று விற்பவரே வாங்குபவரை வேண்டிக்கொள்ளும் நிலை தோன்றியிருக்கின்றது. கொடுக்கல் வாங்கலை இலகுவாக்க வந்த சேவையைக் கண்டு பணத்துக்கு உரியவரே அஞ்சுவதென்றால், கோளாறு எங்கே? காலத்தின் போக்கை விளங்கிக்கொள்ளாத பாமரத்தனம் என்று இதனை ஒதுக்கிவிடச் சிலர் முனைவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை நீக்க வேண்டிய பொறுப்பும் சிலருக்கு உண்டு.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தையல் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பிலுள்ள ஒருவர் 20,000 ரூபாய்க்கு உடைகள் கேட்கிறார். இணையவழிக் கொடுப்பனவுச் சேவையொன்றில் வங்கி அட்டை மூலம் பணத்தைச் செலுத்துகிறார். பணம் வந்துவிட்டது என்று தொலைபேசி அறிவிக்கின்றது. அவள் பொதியை அனுப்பிவிடுகிறாள். மறுவாரம் பணத்தை எடுக்கப் போனால், கணக்குப் பரிசீலனையில் இருக்கின்றது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகின்றது. ஏன்? பதில் இல்லை. எப்போது முடியும்? நாள் குறிக்கப்படவில்லை. யாரைக் கேட்பது? மறுபக்கத்தில் பதில் தருவது மனிதரா இயந்திரமா என்பதே தெரியவில்லை. கடனுக்குத் துணி கொடுத்த கடைக்காரரோ வாசலில் வந்து நிற்கிறார்.

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 20,000 ரூபாய் என்பது ஏறத்தாழப் பதினைந்து நாள் மலையேறிக் கொழுந்து பறித்த உழைப்பாகும். பெரும் வர்த்தகருக்கு அது பேரேட்டில் ஓர் எண். தோட்டக் குடும்பத்துக்கோ ஒரு மாதத்து அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதற்குள் அடங்கும். அத்தகைய பணம் கணக்கில் உண்டு, கையில் இல்லை என்ற நிலையில் நிற்பதைச் சிறு தாமதம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

அச்சம் எங்கிருந்து வந்தது?

விற்பவரைத் தாக்கும் இன்னல் ஒன்றன்று. முதலாவது, நேரடி மோசடி. வங்கியில் பணம் இட்டதாகக் காட்டும் பற்றுச்சீட்டின் படத்தைப் போலியாக ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்பிச் சரக்கைக் கவர்ந்து செல்வோர் உளர். "பணம் அனுப்புகிறோம், உங்கள் தொலைபேசிக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று நயமாகப் பேசி, ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்டறிந்து, கணக்கில் இருந்ததையும் துடைத்துச் செல்வோரும் உளர். வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாற்றும் முறை இந்நாட்டில் 2015-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அம்முறையில் அனுப்பிய பணம் சில விநாடிகளில் விற்பவர் கணக்கைச் சேர்ந்துவிடும். படத்தை நம்பவேண்டிய தேவையே இல்லை. ஆனால் இந்த எளிய உண்மையை லயத்துக்கு வந்து தமிழில் எடுத்துச் சொன்னவர் யார்?

இரண்டாவது, பணம் திரும்பப் பிடுங்கப்படுதல். அட்டை மூலம் பணம் செலுத்தியவர், பொருள் வரவில்லை என்றோ, தாம் செலுத்தவே இல்லை என்றோ தம் வங்கியிடம் முறையிட்டால், செலுத்திய தொகை விற்பவரிடமிருந்து மீளப் பெறப்படலாம். ஏமாந்த வாங்குநருக்கு இது அவசியமான பாதுகாப்பே. ஆனால் வாங்குநர் பொய் சொன்னால், உண்மையை நிரூபிக்கும் சுமை விற்பவர் தலையில் விழுகின்றது. பொதி அனுப்பிய சீட்டு, பெற்றவர் கையொப்பம், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைக் குறுகிய தவணைக்குள் சமர்ப்பிக்க வேண்டும். வழக்கின் மொழியோ ஆங்கிலம்.

மூன்றாவது, பணம் நிறுத்திவைக்கப்படுதல். உலகப் புகழ் வாய்ந்த பேபால் நிறுவனத்தின் விதிகள், புதிய விற்பனையாளரின் பணத்தை 21 நாள் வரை நிறுத்திவைக்கவும், ஒரு கணக்கு மட்டுப்படுத்தப்பட்டால் 180 நாள் வரை பிடித்துவைக்கவும் இடந்தருகின்றன. முதலீடு உள்ளவர் ஆறு மாதம் பொறுக்கலாம். அன்றன்று விற்று அன்றன்று வாங்கும் சிறு விற்பனையாளருக்கு ஆறு மாதம் என்பது கடை மூடும் காலம்.

இலங்கையர் நிலை இதனினும் இரங்கத்தக்கதாக இருந்து வந்திருக்கின்றது. பேபால் மூலம் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தலாம். ஆனால் பெறலாகாது என்பதே நெடுங்காலம் இந்நாட்டவருக்கு விதிக்கப்பட்ட நியதி. ஒரே வாசல், போவதற்கு மட்டும் திறந்திருந்தது. இதனால், கடல் கடந்த வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்த விற்பனையாளர் பலர், வெளிநாட்டில் வாழும் உறவினர் பெயரிலுள்ள கணக்குகளை நாடினர். அது நிறுவன விதிக்கு மாறானது. கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு முடக்கப்படும். முடக்கப்பட்டால் முறையிடும் உரிமையும் இல்லை. முறையான வழியை அடைத்துவிட்டு, முறையற்ற வழியில் சென்றாய் என்று தண்டிப்பது எவ்வகை நியாயம்?

மறுபக்கத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. விற்பவர் எல்லோரும் உத்தமர் அல்லர். பணம் பெற்றுக்கொண்டு வெறும் பெட்டியை அனுப்பியோரும், காட்டிய படம் ஒன்று கொடுத்த சரக்கு வேறு என்று நடந்துகொண்டோரும் உண்டு. திருடப்பட்ட அட்டைகளாலும் வாணிபம் நடக்கின்றது. ஐயத்துக்கிடமான கொடுக்கல் வாங்கல்களை அறிவிக்குமாறு 2006-ஆம் ஆண்டின் 6-ஆம் இலக்கச் சட்டம் நிதி நிறுவனங்களுக்குக் கட்டளையிடுகின்றது. ஆகவே, எந்தப் பணத்தையும் எந்நேரமும் நிறுத்தக் கூடாது என்று நாம் வாதாடவில்லை. சீனாவில் அலிபே என்னும் சேவை வளர்ந்ததே, பொருள் கைசேரும் வரை வாங்குபவர் பணத்தை நடுவில் நின்று காத்ததால்தான். ஆனால் அங்கே, பணம் ஏன் நிற்கின்றது, எது நடந்தால் விடுவிக்கப்படும் என்பது இரு தரப்பாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. நிறுத்திவைத்தல் குற்றமன்று, காரணமும் நாளும் சொல்லாமல் நிறுத்திவைத்தலே குற்றம்.

துண்டு தந்த பாடம்

மலைநாட்டு மக்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தம் உழைப்பின் கணக்கை மற்றொருவர் எழுத, அதன் உள்ளடக்கம் தெரியாமல் வாழ்ந்த துன்பம் அவர்களுடைய சரித்திரத்தில் ஊறிக் கிடக்கின்றது.

துண்டு முறையை எமது முதியோர் அறிவர். தோட்டத்தை விட்டு விலக வேண்டுமானால், தொழிலாளர் பெயரில் ஏறியிருந்த கடன் தீர்க்கப்பட வேண்டும். இவ்வளவு பணம் தந்தால் இத்தனை ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கே துண்டு என்று பெயர். அதை ஏந்திக் கங்காணி அடுத்த தோட்டத்தை நாடுவார். புதிய துரை கடனை ஏற்பார். கடன் ஆளோடு சேர்ந்து கைமாறும். தன் தலையில் எவ்வளவு கடன் இருக்கின்றது, அது எதனால் வந்தது என்பதை அறிய உழைப்பாளிக்கு வழி இருக்கவில்லை. எழுதுகோல் ஒருவர் கையில். சுமை மற்றொருவர் முதுகில். 1921-ஆம் ஆண்டில் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

துண்டு ஒழிந்த பின்னரும் கணக்குத் தகராறு ஒழியவில்லை. தராசில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்பட்ட கொழுந்து எத்தனை கிலோ? கணக்கப்பிள்ளை முழுப்பேர் போட்டாரா, அரைப்பேர் போட்டாரா? இவை மலைநாட்டின் அன்றாடக் கேள்விகள். அரசாங்கத்துக்குரிய தோட்டங்களிலேயே ஊழியர் சேமலாப நிதிப் பணம் நிலுவையாகிக் கிடந்த கதையையும் இம்மக்கள் அறிவார்கள். இவ்வளவையும் அனுபவித்தவரிடம், பணம் பத்திரமாக இருக்கின்றது, எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்காதே என்று ஒரு கண்ணாடித் திரை கூறினால், அவர் நம்புவாரா? நம்பாதது அறியாமை அன்று, அனுபவம்.

ஏலச் சந்தையைப் பாருங்கள்

இணையவழி வாணிபத்தில் நம்பிக்கை உண்டாகவே முடியாது என்றும் நாம் கூறவில்லை. எதிர்மறையான சான்று எமது தேயிலையிலேயே இருக்கின்றது. 1883-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், நூற்றாண்டுக்கு மேலாக மனிதர் கூடிக் குரலெழுப்பி விலை கேட்ட ஏலம். கொரோனாத் தொற்றினால் நாடு முடங்கிய 2020 ஏப்ரலில் அது இணையவழிக்கு மாறிற்று. வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே கோடிக்கணக்கான ரூபாய்ச் சரக்கு கைமாறிற்று, ஏலம் நின்றுவிடவில்லை.

இது எவ்வாறு இயன்றது? கணினியின் மகிமையாலன்று. ஏலத்துக்கு எழுதப்பட்ட விதி உண்டு. தோட்டத்துக்கும் வாங்குபவருக்கும் இடையே பொறுப்பேற்கும் தரகு நிறுவனம் உண்டு. பணம் செலுத்துவதற்குக் குறித்த நாள் உண்டு. அந்நாள் தவறினால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். விதியும் நாளும் பொறுப்பாளியும் முன்பே இருந்தமையால், திரை புதிதாக வந்தபோதும் நம்பிக்கை குலையவில்லை.

தேயிலைத் தோட்டக் கம்பெனிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, அதே தோட்டத்து லயத்திலிருந்து தேயிலைப் பொதி விற்கும் இளைஞனுக்கு ஏன் இல்லை? அவனுக்காகப் பேசத் தரகு நிறுவனம் இல்லை. குறித்த நாள் இல்லை. நிறுவனம் தானே எழுதி, தானே திருத்தும் நிபந்தனை ஒன்றே உண்டு. அதனைப் படிக்காமலே சம்மதம் என்ற பொத்தானை அவன் அழுத்தியிருக்கின்றான். பெரியவருக்கு விதி, சிறியவருக்கு விதிப்பயன் என்பதே இன்றைய ஒழுங்கு.

பிறநாட்டு அனுபவம்

பெரிய நாடுகளில் இக்கவலை இல்லை என்று எண்ணுவோர், அண்மைய நிகழ்ச்சிகளைக் கவனிப்பாராக. இந்தியாவில் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிய வைப்புகளை ஏற்பதை நிறுத்துமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 31-ஆம் தேதி கட்டளையிட்டது. பின்னர் மார்ச் 15 வரை தவணை நீடிக்கப்பட்டது. விதிகளைத் தொடர்ந்து மீறியமையே காரணமாகக் கூறப்பட்டது. பெட்டிக்கடையின் கண்ணாடியில் ஒட்டிய கியூ.ஆர். அட்டையை நம்பியிருந்த எண்ணற்ற சிறு வியாபாரிகள், தம் பணம் என்னாகும் என்று கலங்கினர். ஆயினும் அங்கே ஒரு நாள் குறிக்கப்பட்டது. கணக்கில் இருந்த பணத்தை எடுக்கலாம் என்று தெளிவாக அறிவிக்கப்பட்டது. கலக்கம் பேரிழப்பாக மாறாமைக்கு அதுவே காரணம்.

அமெரிக்காவில் நடந்ததோ வேறு. வங்கிகளுக்கும் பணச் செயலிகளுக்கும் இடையே கணக்கு வைத்துவந்த சினாப்ஸ் என்னும் நிறுவனம் 2024 ஏப்ரலில் நொடித்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம் சேமிப்பை எடுக்க இயலாமல் தவித்தனர். கணக்கேட்டில் இருந்த தொகைக்கும் வங்கிகளில் இருந்த தொகைக்கும் இடையே 6 கோடி 50 இலட்சம் முதல் 9 கோடி 60 இலட்சம் டாலர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் மதிப்பிட்டார். செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் முன்னிற்கும் நாட்டிலேயே, கணக்கில் உண்டு, கையில் இல்லை என்ற சொல் மெய்யாயிற்று. மக்கள் பணத்தை யார், எங்கே, எந்தப் பெயரில் வைத்திருக்கிறார் என்பதை அரசாங்கம் கண்காணியாவிடின் நேர்வது இதுவே.

ஆகவே நோட்டுக்கே திரும்பிவிடலாமா? அதுவும் விமோசனமன்று. பொதியைப் பெறும்போது பணம் என்ற முறையில், வாங்குபவர் மனம் மாறிக் கதவை அடைத்துவிட்டால் போன கூலியும் வந்த கூலியும் விற்பவர் தலையில் விழும். வசூலித்த பணம் கூரியர் நிறுவனத்தின் கையில் சில நாள் தங்கும். அங்கும் அதே காத்திருப்பு. தூர இடத்து வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார். கந்தப்பொலையிலும் இராகலையிலும் காய்கறி பயிரிடுபவர் நேரே வாங்குபவரைத் தேடிக்கொள்ளும் வாய்ப்பை இழந்து, இடைத்தரகர் சொன்ன விலைக்கே மீண்டும் தலையசைப்பார். வருமானத்துக்கு எழுத்துச் சான்று இல்லாமையால் வங்கிக் கடனும் கிட்டாது. அவநம்பிக்கையின் வட்டியைக் கட்டுபவர் ஏழையே.

நாம் கோருவது

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. 2005-ஆம் ஆண்டிலேயே கொடுப்பனவு முறைமைகளுக்கு என ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கைபேசிப் பணச் சேவைகளில் மக்கள் பணம் வங்கியொன்றின் பாதுகாவல் கணக்கில் இருக்க வேண்டும் என்ற கொள்கை 2011-ஆம் ஆண்டு வழிகாட்டல்களிலேயே ஏற்கப்பட்டது. மத்திய வங்கி, நாடு முழுவதற்கும் பொதுவான லங்கா கியூ.ஆர். நியமத்தை 2018-இல் வகுத்தது. 2020-இல் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை அமைத்தது. 2023-இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் கொழும்பில் எழுதப்பட்ட விதி கொட்டகலைக்கு வந்து சேரவேண்டுமே! கடல் கடந்த நிறுவனத்தின் மீது அவ்விதியின் கை எவ்வளவு தூரம் நீளும் என்ற கேள்வியும் நிற்கின்றது.

எனவே, நான்கு காரியங்களை நாம் வற்புறுத்துகின்றோம். முதலாவது: இந்நாட்டு விற்பனையாளரின் பணத்தை நிறுத்திவைக்கும் எந்தச் சேவையும், நிறுத்திய அன்றே காரணத்தையும் விடுவிக்கும் நாளையும் எழுத்தில் அறிவிக்கக் கடமைப்பட வேண்டும். விசாரணை நீள வேண்டுமாயின், ஏன் நீள்கின்றது என்பதையும் அறிவிக்க வேண்டும். இரண்டாவது: நடுவில் நிற்பவர் கையிலிருக்கும் விற்பனையாளரின் பணம், நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனியே இருக்க வேண்டும். கைபேசிப் பணத்துக்கு ஏற்ற இக்கொள்கை எல்லாக் கொடுப்பனவுச் சேவைக்கும் ஐயத்துக்கிடமின்றிப் பொருந்தச் செய்ய வேண்டும்.

மூன்றாவது: தமிழ் 1987-ஆம் ஆண்டின் 13-ஆவது திருத்தத்தால் அரசகரும மொழியாக்கப்பட்ட மொழி. தமிழர் பெருந்தொகையினராக வாழும் நுவரெலியா மாவட்டத்தில், நிபந்தனையும் அறிவித்தலும் முறைப்பாடும் தமிழில் இருக்க வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கை அன்று. மத்திய வங்கியின் முறைப்பாட்டு அலுவலர் மாதம் ஒரு நாளேனும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அமர்ந்து, தமிழில் கேட்டுத் தமிழில் பதிலளிக்கட்டும். பொலிஸ் நிலையங்களிலும் இணைய மோசடி முறைப்பாடு தமிழில் பதியப்பட்டு, பிரதி கையில் கொடுக்கப்படட்டும். நான்காவது: வெளிநாட்டுச் சேவைகளை இந்நாட்டுக்குள் அனுமதிக்கும்போது, பணம் செலுத்தும் வழியோடு பெறும் வழியும் திறக்கப்பட வேண்டும், இங்கே பதில் கூறும் பொறுப்பாளி ஒருவரை அவை நியமிக்கவும் வேண்டும்.

எமது மக்களுக்கும் கடமை உண்டு. படத்தை நம்பாதீர்கள்; பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று நீங்களே பார்த்த பின்னரே பொதியைக் கட்டுங்கள். கடவு எண்ணை வங்கி மனேஜர் என்று சொல்பவரிடமும் கூறாதீர்கள். பொதி அனுப்பிய சீட்டையும் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். வியாபாரப் பணத்துக்குத் தனிக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேவையில் தேங்கவிடாமல் அவ்வப்போது வங்கிக்கு மாற்றுங்கள். சொன்ன சரக்கைச் சொன்னபடி கொடுங்கள். ஒருவர் செய்யும் வஞ்சனை ஊரார் எல்லோர் கணக்கையும் முடக்கும்.

மலைநாட்டில் பிறந்து, கற்று, ஆசிரியராகவும் கணக்காளராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தோரை நோக்கியும் ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை உங்கள் தோட்டத்து விற்பனையாளருக்குக் கொடுங்கள். ஆங்கிலத்தில் வந்த அறிவித்தலைப் படித்துச் சொல்லுங்கள். முறைப்பாட்டை முறையாக எழுதிக் கொடுங்கள். தனியொருவரின் முறைப்பாடு தபால்பெட்டியில் தூங்கலாம். ஒரே வகைப்பட்ட நூறு முறைப்பாடுகள் திகதியோடும் ஆதாரத்தோடும் ஒன்றாகச் சென்றால், தூங்குபவர் விழித்தே ஆகவேண்டும்.

நம்பிக்கை விளம்பரத்தால் வளர்வதன்று. என் பணம் எங்கே இருக்கின்றது, எந்த நாளில் வரும், வராவிட்டால் யார் பதில் சொல்வார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்குமிடத்தில் அது தானே முளைக்கும். துண்டுச் சீட்டில் எழுதப்பட்டது என்னவென்று அறியாமல் எமது பாட்டன் மலையேறினான். அவனுடைய பேர்த்தி, கண்ணாடித் திரையில் எழுதப்பட்டது என்னவென்று அறியாமல் காத்திருக்கக் கூடாது. கணக்கில் உள்ளது கைக்கு வரும் நாள் எது என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அந்நாளைக் குறித்துக் கொடுக்கும் கடமை அரசாங்கத்தாருடையது.